தர்பூசணிக் கொல்லையில் எரிந்த பெட்டிகள்

போன வருடம் மாசி மாதம், உத்திரமேரூர் பக்கத்தில் ஏரியை ஒட்டியிருந்த ஒரு தர்பூசணிக் கொல்லையில் நடந்தது இது. கொல்லை என்னுடையது இல்லை. என் தேனீப் பெட்டிகள்தான் அங்கே இருந்தன.

ஷூ கம்பெனியில் வருடக்கணக்காகத் தையல் மிஷினில் உட்கார்ந்து முதுகைக் கெடுத்துக்கொண்டவள் நான். வேலையை விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருந்தபோது, தேனீ வளர்க்கச் சொல்லித்தருகிற ஒரு பயிற்சிக்குப் போனேன். இரண்டு பெட்டியில் ஆரம்பித்து, தேனீக் கூட்டத்தைப் பிரித்துப் பிரித்து ஒரு டஜனுக்கு மேல் சேர்த்துவிட்டேன். என் வீட்டுக்காரர் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். எங்கே பூ இருக்கிறதோ அங்கே பெட்டிகளை ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிடுவார். பெரிய வருமானம் என்று சொல்ல முடியாது. ஆனால் காலையில் எழுந்ததும் போய்ப் பார்க்க எனக்கென்று ஒன்று இருந்தது.

அந்தக் கொல்லையைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தவர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்த ஒரு பெண். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பிறந்ததிலிருந்து அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை எடுத்தே வளர்ந்தவர். கழுத்திலும் காதிலும் இருந்ததை அடகு வைத்து முதன்முதலாகத் தானே பயிர் வைத்த வருடத்தில், ரோட்டோரம் ஓலை நிழலில் தர்பூசணியைக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படித்தான் பழக்கம். தாகத்துக்கு ஒரு துண்டு சாப்பிடலாம் என்று வண்டியை நிறுத்தச் சொன்னேன். குவியலில் ஒரு காய்கூட நேராக இல்லை. ஒரு பக்கம் வீங்கியும் ஒரு பக்கம் சூம்பியும் கிடந்தன.

"வெதை சரியில்லமே. வியாபாரி கால்ல தள்ளிட்டுப் பூட்டான்" என்றார்.

விதையில் குறை இருக்காது, பூவுக்குப் பூச்சி சரியாக வரவில்லை என்றால்தான் காய் இப்படிக் கோணிப்போகும் என்று சொன்னேன். ஆண் பூவிலிருக்கும் மகரந்தத்தைத் தேனீ எடுத்துவந்து, பெண் பூவான பிஞ்சுப் பூவில் நன்றாகத் தடவினால்தான் காய் எல்லாப் பக்கமும் சமமாகப் பருக்கும். அக்கா சிரித்தார். "பூச்சி வந்து காய நேராக்குமா? அது பூவுல கீற சத்த உறிஞ்சிக்கினு பூடாது?" என்று கேட்டார். ஒரே ஒரு தடவை பெட்டி வைக்க இடம் கொடுங்கள், பிடிக்காவிட்டால் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். எனக்கும் அந்தச் சமயத்தில் பூ தேவைப்பட்டது.

அடுத்த மாசியில் பெட்டிகளை வைத்தோம். அந்த வருடம் காய் பருத்த நாளில் அக்கா போன் செய்தது இன்னும் காதில் இருக்கிறது. "இன்னாமே, வந்து பாரு! எல்லாம் பானை மாதிரி உருண்டுகினு கெடக்குது!" வியாபாரி கொல்லைக்கே லாரியோடு வந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து விவசாயம் பார்க்கிற மாதிரிதான் ஆகிவிட்டது. மருந்து அடிப்பதென்றால் பூ மூடிய பிறகு சாயங்காலம்தான் அடிப்பார், அதுவும் எனக்குப் போன் செய்துவிட்டு. வெயிலுக்குப் பெட்டிகள் மேல் வைக்கோல் கூரை போட்டார். ஒரு அலுமினியத் தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்பார். கல் இல்லாவிட்டால் தேனீ தண்ணீரில் விழுந்து செத்துவிடும் என்று நான் ஒரு தடவைதான் சொன்னேன். அதிலிருந்து ஒருநாள் தவறியதில்லை. முதல் தேன் எடுத்ததும் நான் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

போன வருடம் பக்கத்துத் துண்டையும் சேர்த்துக் குத்தகைக்கு எடுத்தார். அவ்வளவு பெரிய நிலம் வேண்டாம் என்று அவர் வீட்டுக்காரர் தடுத்திருக்கிறார். நான் மாமா என்று கூப்பிடுகிற மனிதர், அதிகம் பேசமாட்டார். அக்காதான் கேட்கவில்லை. பெட்டிகளை இறக்கிய அன்று ஒவ்வொரு பெட்டிக்கும் குங்குமம் வைத்துவிட்டு, "உன் பூச்சிய நம்பித்தாம்மே எடுத்துகீறேன்" என்று சிரித்தபடி சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பூ நன்றாகப் பிடிக்க ஆரம்பித்து ஒரு வாரம் இருக்கும். காலையில் போனபோது, ஒரு பெட்டியின் வாசலுக்குக் கீழே தரையில் வெள்ளை வெள்ளையாக ஏதோ சிதறிக்கிடந்தது. சோற்றுப் பருக்கை என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தால் புழுக்கள். தேனீக்கள் தங்கள் குஞ்சுகளைத் தாங்களே இழுத்துவந்து வெளியே போட்டிருந்தன.

பெட்டியைத் திறந்து தேனடையைத் தூக்கிப் பார்த்தேன். அறைக்குள் சுருண்டு படுத்திருக்க வேண்டிய புழுக்கள் தலையை மேலே நீட்டியபடி விறைத்துக் கிடந்தன. தலையிலிருந்த ஹேர்பின்னை எடுத்து ஒன்றைத் தூக்கினேன். தண்ணீர் நிரம்பிய சின்னப் பை போல அது பின்னின் நுனியில் தொங்கியது. அடுத்த பெட்டியைத் திறந்தேன். அதற்கடுத்ததையும் திறந்தேன். கடைசிப் பெட்டி வரை அப்படித்தான் இருந்தது.

தேனீ வளர்ப்பவர்கள் பேர் சொல்லவே பயப்படுகிற வைரஸ் நோய் அது. மனிதருக்கோ பழத்துக்கோ எதுவும் செய்யாது. குஞ்சுகளை மட்டும் கொல்லும். மருந்தே கிடையாது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குப் பயிற்சி கொடுத்தவருக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"எல்லாத்தையும் எரிச்சிடும்மா. அடை, கூட்டம் எதையும் வெச்சிக்காத. வேற எடத்துக்கும் தூக்கிட்டுப் போயிடாத. பக்கத்துல வேற யாராவது பெட்டி வெச்சிருக்காங்களா?"

வைத்திருந்தார்கள். ஏரிக்கு அந்தக் கரையில் நான்கு பெண்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். அவர்களுக்கு முதல் கூட்டம் கொடுத்ததே நான்தான். சொந்த நிலம் உள்ள குடும்பத்துப் பெண்கள் என்றாலும் கையில் தனியாக ஒரு காசு பார்க்காதவர்கள், அந்தப் பெட்டிகள் வந்த பிறகுதான் பார்த்தார்கள். அவர்களுடைய தேனீக்கள் ஒன்றிரண்டு ஏரியைச் சுற்றி இந்தக் கொல்லைக்கும் வரும். நலிந்துபோன பெட்டி கண்ணில் பட்டால் உள்ளே புகுந்து தேனைத் திருடும். திருடிக்கொண்டு போகும்போது நோயையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும்.

அக்கா வாய்க்காலுக்குள் இறங்கிய கொடிகளை மேட்டுப்பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். மாமா தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். இரண்டு பேரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"எரிக்கணும்னா, எப்போ?" என்றார் அக்கா.

"இன்னிக்கு சாயங்காலமே, அக்கா."

மாமா மண்வெட்டியைக் கீழே போட்டார். "இன்னாம்மா பேசற நீ? இப்பதான் பிஞ்சுப் பூவா வருது. அதோ பாரு, பூச்சி பறந்துகினுதானே கீது? வேலை செய்யற பூச்சிய எதுக்கு எரிக்கணும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. சாவது குஞ்சுகள்தான். பெரிய தேனீக்கள் அந்த நிமிடம்கூடப் பூப்பூவாக உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தன. "இன்னும் ஒரு பத்து நாளு உடு. காய் புடிச்சதும் எரிச்சிக்கோ, நானே கொளுத்தறேன்" என்றார். உண்மையைச் சொன்னால், அவர் பேச்சுத்தான் ஜெயிக்க வேண்டும் என்று என் மனசும் வேண்டிக்கொண்டிருந்தது. அது நான் பிள்ளை மாதிரி வளர்த்த கூட்டம்.

அந்தக் கரைப் பெண்களைப் பற்றிச் சொன்னேன். மாமாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. "அவங்களுக்கோசரமா? அவங்க கயனியில வேலை செஞ்சப்ப நாம தண்ணி குடிச்ச சொம்பக்கூடத் தனியா வெச்சவங்க. அவங்க நமக்கு இன்னா பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல" என்றார் அக்கா. கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "அதுக்குன்னு?" என்றார்.

பிறகு என்னிடம் திரும்பி, காட்டு என்றார். ஒரு பெட்டியைத் திறந்து, புழுவை ஹேர்பின்னில் தூக்கிக் காட்டினேன். அக்கா கிட்டே வந்து பார்த்தார்.

"இத்தப் பெத்தது உள்ளதான் கீதா?"

"கீதுக்கா. ராணி இன்னும் முட்டை வெச்சிக்கினுதான் கீது."

"வெக்க வெக்க சாவுதா?"

"ஆமாக்கா."

அவர் கொல்லையை ஒரு தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "சாயங்காலம் வா. காஞ்ச ஓலை கெடக்குது, எடுத்தாந்து போடறேன்" என்று சொல்லிவிட்டுக் கொடி திருப்பப் போய்விட்டார். மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை.

தேனீ எல்லாம் கூடு திரும்பிய பிறகுதான் செய்ய முடியும். வெயில் தாழ்ந்து, வாசல்களில் போக்குவரத்து அடங்கியதும், ஒவ்வொரு வாசலையும் ஈரத்துணியால் அடைத்தேன். மேல் மூடியைக் கொஞ்சமாகத் தூக்கிச் சோப்புத் தண்ணீரை ஊற்ற வேண்டும். எரிப்பதற்கு முன்னால் அவை வேதனைப்படாமல் போய்விட அதுதான் வழி. முதல் பெட்டியில் ஊற்றியபோது உள்ளேயிருந்து ஒரு இரைச்சல் பெரிதாக எழும்பியது. பிறகு படிப்படியாக அடங்கிப்போனது. இரண்டாவது பெட்டிக்கு என்னால் கையைத் தூக்க முடியவில்லை. அக்கா என் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டார். மீதிப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் அவர்தான் ஊற்றினார். நான் மூடியை மட்டும் தூக்கித் தூக்கிப் பிடித்தேன்.

ஓலையை அடுக்கி, அடை கட்டிய சட்டங்களையும் பெட்டிகளையும் அதன் மேல் வைத்து மாமாதான் தீ வைத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்று நினைத்துக்கொண்டேன். மெழுகு பிடித்ததும் நெருப்பு ஆள் உயரத்துக்கு எழுந்தது. தேன் உருகிக் கருகும் வாசனை. அந்த வாசனை வந்தால் இப்போதும் எனக்குச் சாப்பாடு இறங்காது. என் வீட்டுக்காரர் பெட்டிகளை ஏற்றிவந்த அதே குட்டியானையில் சாய்ந்து நின்றபடி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் நான் போயிருக்கவே கூடாது. முந்தின நாள் நேரமாகிவிட்டதால் பூவிலேயே தங்கிவிட்ட தேனீக்கள் சில விடிந்ததும் கூடு தேடி வந்திருந்தன. பெட்டி வைத்திருந்த செங்கல் மேல் உட்கார்வதும், மேலே எழும்பி ஒரு சுற்றுச் சுற்றுவதும், மறுபடி அதே செங்கலில் வந்து உட்கார்வதுமாக இருந்தன. காலில் மஞ்சள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டிருந்தன. கொண்டுபோய்க் கொடுக்க உள்ளே யாருமில்லை. அக்கா அந்தச் செங்கற்களுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தட்டில் தண்ணீர் நிரம்பியிருந்தது.

வேறு பெட்டி கொண்டுவரலாம் என்று எனக்குத் தெரிந்த எல்லோரையும் கேட்டுப் பார்த்தேன். நோய் வந்த இடத்துக்கு யார் தருவார்கள்? நானே தரமாட்டேன். கடைசியில் மீதமிருந்தது எங்கள் கைதான். ஆண் பூவைப் பறித்து, இதழைப் பின்னால் மடக்கி, அடியில் குட்டிப் பிஞ்சோடு இருக்கிற பூவின் நடுவில் மெதுவாகத் தடவ வேண்டும். பூ விரிந்து மூடுவதற்குள் செய்தாக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பிரயோஜனமில்லை. தினமும் முதல் பஸ் பிடித்துப் போய்விடுவேன். அக்கா, மாமா, நான் மூன்று பேரும் ஆளுக்கொரு வரிசையில் குனிந்தபடி போவோம். கூலிக்கு ஆள் தேடினார்கள். ஊரில் கை கால் நன்றாக இருக்கிற பெண்கள் எல்லோரும் விடியும் முன்பே கம்பெனி பஸ்ஸில் போய்விடுகிறார்கள்.

என் முதுகு இரண்டாம் நாளே போய்விட்டது. முட்டி போட்டு நகர்ந்தேன். நாங்கள் ஒரு மூலையைத் தொட்டு முடிப்பதற்குள் மற்ற இடத்துப் பூவெல்லாம் சுருங்கிவிடும். தேனீ எவ்வளவு வேலை பார்த்திருக்கிறது என்பது அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது. மாமா ஒருநாள் நிமிர்ந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "போதும் உடும்மா. நம்மால ஆவாது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அக்கா நிமிராமல் போய்க்கொண்டே இருந்தார்.

நாங்கள் கை வைத்த மூலையில் காய் நன்றாகத்தான் வந்தது. மற்ற இடத்தில் பாதிப் பிஞ்சு வெம்பி விழுந்தது. நின்றதெல்லாம் கோணல். அதே வியாபாரி வந்தார். வண்டியைவிட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தார், திரும்பிப் போய்விட்டார். நல்ல காய்களை மட்டும் பொறுக்கி ரோட்டோரம் வைத்து விற்றார்கள். மிச்சத்துக்கு மாடுகளைக் கொல்லைக்குள் ஓட்டிவிட்டார்கள். மாடுகள் தின்றதை நான் பார்க்கவில்லை. அக்கா போனில் சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பங்குனி பாதியில் ஏரிக்கு அந்தக் கரையிலிருந்து எனக்குப் போன் வந்தது. வாசலில் வெள்ளையாகப் புழு கிடக்கிறது, இன்னா அக்கா இது என்று கேட்டாள் நான்கு பேரில் சின்னவள். நான் போய்ப் பார்த்தேன். அதே நோய். நாங்கள் எரிப்பதற்கு முன்னாலேயே அவர்களுடைய தேனீ நோயை எடுத்துப்போயிருக்கலாம். வேறெங்கிருந்தாவது வந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? அவர்களுடைய பெட்டிகளையும் ஒரு சாயங்காலம் எரித்தோம். இந்தத் தடவை குடத்தை நான்தான் பிடித்தேன். எந்தப் பெட்டிக்கும் கை தயங்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

நெருப்பு அடங்கியதும் அவர்களில் மூத்த பெண் சொன்னார்: "எல்லாம் அந்தக் கொல்லையில இருந்து வந்ததுதான். அந்தப் பொம்பள தர்பூசுக்கு ஆசப்பட்டு நோய் புடிச்ச பொட்டிய வெச்சிக்கினு இருந்திருப்பா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். பத்து நாள் பொறுத்திருந்தால் அவர்களுடைய பயிர் தப்பியிருக்கும், உங்களுக்காகத்தான் அக்கா அன்றைக்கே எரிக்கச் சம்மதித்தார், அவர் கையாலேயே ஊற்றினார் என்று சொன்னேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்களுக்கோசரமா? அவளா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். சின்னவள் மட்டும் சாம்பலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பேச்சு அக்கா காதுக்குப் போகக்கூடாது என்று நினைத்தேன். ஊரில் எந்தப் பேச்சு நிற்கிறது? ரேஷன் கடை வரிசையில் யாரோ அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள். அன்று மத்தியானம் எனக்குப் போன் செய்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அந்தக் கரையிலயும் எரிச்சிட்டீங்களாமே?"

"ஆமாக்கா."

"அத்தினியுமா? அவங்களுக்கு ஒண்ணுகூடத் தங்கலியா?"

இல்லை என்றேன். பிறகு, "இன்னாத்துக்குமே நாம எரிச்சோம்?" என்று கேட்டார். குற்றம் சொல்கிற மாதிரி கேட்கவில்லை. என்னிடம் பதில் இருக்கும் என்று நம்பிக் கேட்டார். நான் அக்கா என்று மட்டும் சொன்னேன். "செரி, வெச்சிடறேன்" என்றார்.

குத்தகையை விட்டுவிட்டார்கள். மாமா செங்கல் சூளைக்குப் போகிறார். அக்காவும் இப்போது விடியும் முன்னால் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவர்களில் ஒருவர், ஏதோ பேக்கிங் வேலை. நானும் முதுகுக்குப் பெல்ட் போட்டுக்கொண்டு மறுபடி தையல் மிஷினுக்குத் திரும்பிவிட்டேன். மறுபடி பெட்டி வைக்கலாமே என்று பயிற்சி கொடுத்தவர் இரண்டு தடவை கேட்டார். பார்க்கலாம் சார் என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்த மாசியில் அந்த வழியாகப் போனேன். கொல்லையில் யாரும் எதுவும் வைக்கவில்லை. கோரை முளைத்துக் கிடந்தது.

நல்லது செய்தால் அதற்கு ஒரு பலன் உண்டு என்று என் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்தவள் நான். அதை இப்போதெல்லாம் அவளிடம் சொல்வதில்லை. நாங்கள் செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். அது யாரையும் காப்பாற்றவில்லை என்பதும் தெரியும். எதற்காக எரித்தோம் என்று அக்கா கேட்டதற்கு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் எல்லாம் பறிபோய், பழியும் தன் தலையில் விழுந்த அதே மத்தியானத்தில், அவர்களுக்கு ஒன்றுகூடத் தங்கவில்லையா என்று முதலில் கேட்கிற மனசு என்னிடம் இல்லை என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அந்த வெட்கத்தோடுதான் இன்றும் தினம் பஸ் ஏறுகிறேன்.